ரிடீமிங் லவ்: ஏஞ்சல் திடமானவளா, மைக்கேல் இழுத்த இழுப்புக்குப் போனவளா?

நூலகப்பூனை – சனி, இரவு 9.40

மூன்று வருடமாக அலமாரியில் வைத்துத் தட்டிக்கழித்து வந்த புத்தகம் இது. கொடுத்த தோழி "படித்தால் அழுவாய்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அழவைப்பேன் என்று முன்கூட்டியே மிரட்டும் புத்தகங்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. போன வாரம் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது கைக்கு எட்டியது இது ஒன்றுதான். மூன்று நாளில் முடித்தேன். அழவும் செய்தேன். ஆனால் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எழுதியவர் ஃபிரான்சின் ரிவர்ஸ். கதை நடப்பது 1850-இல், கலிஃபோர்னியாவில், எல்லாரும் தங்கம் தேடி ஓடிவந்த காலத்தில். எட்டு வயதில் விற்கப்பட்ட ஒரு பெண், ஏஞ்சல் என்ற பெயரில், பேர்-அ-டைஸ் என்கிற சுரங்க ஊரின் விபச்சார விடுதியில் இருக்கிறாள். மைக்கேல் ஓசியா என்ற விவசாயி அவளைத் தெருவில் பார்க்கிறான். 'இவளைக் கட்டிக்கொள்' என்று ஆண்டவர் சொன்னதாக நம்புகிறான். பிறகு கட்டிக்கொள்வது, அவள் ஓடுவது, கூட்டி வருவது, மறுபடி ஓடுவது. பைபிளின் பழைய ஏற்பாட்டில் ஓசியா தீர்க்கதரிசியும், ஆண்டவர் சொல்லி அவர் கட்டிக்கொண்ட நடத்தை கெட்ட மனைவி கோமேரும் நினைவுக்கு வந்தால் சரியாகத்தான் வருகிறார்கள். கதையின் எலும்புக்கூடு அதுதான்.

என் கேள்வி இது. "திடமான கதாநாயகி உள்ள கிறிஸ்தவ வெஸ்டர்ன்", அதாவது அமெரிக்க மேற்குப் பக்கத்துக் குடியேற்றக் காலக் கதை, என்று யார் கேட்டாலும் முதலில் இந்தப் புத்தகத்தைத்தான் நீட்டுகிறார்கள். ஆனால் பாதிக்கு மேல் வரைக்கும் அவள் எதைத்தான் தானாக முடிவு செய்கிறாள்? கல்யாணத்துக்கு அவள் சொன்ன சம்மதமே, அடிபட்டுப் பாதி நினைவில் கிடந்தபோது "ஏன் கூடாது?" என்று வாயில் வந்த வார்த்தை. அதைச் சம்மதம் என்று எந்த ஊரில் எடுத்துக்கொள்வார்கள்?

கடைசியில் அவள் பெயரைப் பற்றி ஒரு விஷயம் வருகிறது. அதைப் பற்றியும் சொல்ல இருக்கிறது. முதலில் இது.


குதிரைலாடம் – சனி, இரவு 10.15

அக்கா, நான் டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்த ஆள். வெஸ்டர்ன் என்றார்கள், வாங்கினேன். ஐம்பது பக்கம் தாண்டியும் ஒரு துப்பாக்கிச் சண்டை இல்லை. கதாநாயகன் ஏர் உழுகிறான், அடுப்புக்கு விறகு வெட்டுகிறான், ஜெபம் பண்ணுகிறான். காசு போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் யோசித்தேன். நான் படித்த வெஸ்டர்ன் கதைகளில் பெண்ணுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, ஜன்னலோரம் நின்று வழியனுப்புவது. இல்லாவிட்டால், மூன்றாம் பக்கத்திலேயே செத்துப்போய்ப் பழிவாங்கலுக்குக் காரணமாவது. மதுக்கடை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற பெண்ணுக்கு வசனம்கூடக் கிடையாது. இந்தப் புத்தகம் அந்த மாடிப்படி ஏறிப் போய், அந்த அறைக்குள் இருப்பவளை உட்கார வைத்துக் கதை கேட்கிறது. அந்த ஒன்றுக்காகவே முழுசாகப் படித்தேன்.


பாதிப்படித்தவள் – சனி, இரவு 10.22

ஐயோ, நான் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை! அவள் முதல் தடவை ஓடிப்போய் மைக்கேல் தேடிக்கொண்டு போகிற இடத்தில் இருக்கிறேன். தயவுசெய்து கடைசியில் வருகிற அந்தப் பெயர் விஷயத்தை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.


நூலகப்பூனை – சனி, இரவு 10.25

சொல்ல மாட்டோம் தங்கம். முடிவுப் பகுதியைப் பேசுபவர்கள் மேலே எச்சரிக்கை போட்டுவிட்டுப் பேசுங்கள். அந்த விஷயத்தை யார் போட்டாலும் நானே போய்ச் சண்டை போடுவேன்.


கறார்வாசகன் – ஞாயிறு, காலை 7.05

பூனை, உங்கள் கோபம் நியாயமானது. நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். இது காதல் கதை வார்ப்பில் ஊற்றிய பிரசங்கம். ஆசிரியர் முதலில் பொதுச் சந்தைக்குச் சரித்திரக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்தவர். 1986-இல் விசுவாசத்துக்கு வந்தபின் எழுதிய முதல் நாவல் இது. 1991-இல் பொதுப் பதிப்பகம் வழியாக வந்தது, பிறகு திருத்தப்பட்டு 1997-இல் கிறிஸ்தவப் பதிப்பகம் வழியாக மறுபடி வந்தது. அதனால் பழைய பழக்கம் போகவில்லை. மைக்கேலைப் பாருங்கள். உயரம், அகன்ற தோள், கோபமே வராத சுபாவம், சந்தேகமே வராத விசுவாசம். இப்படி ஒரு ஆண் 1850-இல் அல்ல, எந்த வருடத்திலும் கிடையாது.

ஒருத்தி வேண்டாம் என்று ஓடுகிறாள். இன்னொருவன் 'ஆண்டவர் சொன்னார்' என்று போய்க் கூட்டி வருகிறான். ஆண்டவர் பெயரை எடுத்துவிட்டு இதே காட்சியை எழுதிப் பாருங்கள். போலீஸ் புகார் மாதிரி இருக்கும்.


ஐயரம்மா – ஞாயிறு, மதியம் 2.30

இரண்டு ஆராதனையும் முடித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் நன்றாகத்தான் சண்டை போடுகிறீர்கள்.

கறார் தம்பி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மைக்கேலை மனுஷனாக நினைத்துப் படித்தால் எரிச்சல்தான் வரும். அவன் ஓசியாவும் இல்லை, ஓசியாவை அனுப்பினவரின் இடத்தில் நிற்க வைத்த பொம்மை. அதனால் அவனை விட்டுவிடுங்கள். அவளைப் பாருங்கள்.

போன வருடம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓசியா புத்தகத்தைத் தியானித்தோம். பதினான்கு அதிகாரம். அதில் கோமேர் எத்தனை வார்த்தை பேசுகிறாள் தெரியுமா? ஒன்றுகூட இல்லை. கல்யாணம் பண்ணப்படுகிறாள், பெறுகிறாள், பெற்ற பிள்ளைகளுக்கும் யெஸ்ரயேல், லோருகாமா, லோகம்மீ என்று அவளைக் கேட்காமலே பெயர் வைக்கப்படுகிறது. 'இரக்கம் பெறாதவள்', 'என் ஜனமல்ல' என்றா ஒரு தாய் பிள்ளைக்குப் பெயர் வைப்பாள்? மூன்றாம் அதிகாரத்தில் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து வாங்கப்படுகிறாள். அப்போதும் அவள் பேசவில்லை. அன்றைக்கு ஒரு சகோதரி எழுந்து, "ஐயரம்மா, அந்த வாற்கோதுமையை அளந்தபோது அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த நாவல் அந்தக் கேள்விக்கு நானூறு பக்கத்துக்கு மேல் பதில் சொல்கிறது. பிரசங்கம் என்கிறீர்கள். பிரசங்கத்தில் கோமேருக்கு வாய் கொடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஏஞ்சல் எப்போதும் எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறாள். மைக்கேல் ஜெபம் பண்ணும்போது கேலி செய்கிறாள். அவன் கடவுளிடம் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்கிறாள். முதல் பாதியில் அவளுடைய பெலன் அந்த வாய்தான்.


குதிரைலாடம் – ஞாயிறு, மதியம் 2.41

ஐயரம்மா, 'வாற்கோதுமையை அளந்தபோது அவள் எங்கே நின்றாள்'. இந்த ஒரு வரிக்குச் சங்கத்தில் ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் வருகிறேன்.


சாக்ரமெண்டோசெல்வம் – ஞாயிறு, மாலை 6.10

இங்கே காலை நேரம், காபியோடு எழுதுகிறேன். கதை நடக்கிற பக்கத்தில் குடியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் ஊர்க்கதை.

பேர்-அ-டைஸ் கற்பனை ஊர். இரண்டு பகடைக்காய் என்று பொருள், சேர்த்துச் சொன்னால் பரதீசு. அந்தக் காலத்துச் சுரங்க முகாம்களின் பெயர்கள் இதைவிட விளையாட்டாக இருந்திருக்கின்றன, அதனால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. நிஜ ஊர் பார்க்க வேண்டுமானால் கொலோமா. என் வீட்டிலிருந்து கிழக்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் மர அறுவை ஆலையின் கால்வாயில் தங்கத்துணுக்கு பார்த்தது அங்கேதான். இப்போது அது அரசுப் பூங்கா. ஆறு சின்னது. பிள்ளைகளுக்கு மண்ணை அலசித் தங்கம் தேடச் சொல்லித் தருவார்கள். என் மகள் ஒரு மணி நேரம் குனிந்து அலசி, மினுங்குகிற ஒரு துகளைக் கண்டுபிடித்துவிட்டு, "இதுக்காகவா அப்பா எல்லாரும் வந்தாங்க?" என்றாள்.

வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்கள். 1850 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் பெண்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு, சுரங்கப் பகுதிகளில் அதிலும் குறைவு. நாவலின் தொடக்கத்தில் ஏஞ்சலைப் பார்க்க ஆண்கள் சீட்டுக் குலுக்கிப் போடுவது மிகைப்படுத்தல் என்று நினைத்தால், அந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சுவாரசியமான சட்டக் கதை ஒன்று உண்டு. 1849-இல் கலிஃபோர்னியா அரசியலமைப்பு எழுத மான்டரேயில் கூடினார்கள். திருமணத்துக்கு முன் பெண்ணிடம் இருந்த சொத்தும், பின்னால் அவளுக்குப் பரிசாகவோ வாரிசு உரிமையாகவோ வந்த சொத்தும் அவளுக்கே சொந்தம் என்று அதில் எழுதினார்கள். அப்போது அமெரிக்காவின் பல மாநிலங்களில் கல்யாணம் ஆன நாளோடு பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும். இங்கே மட்டும் ஏன் இந்தத் தாராளம்? மெக்சிகோ ஆட்சிக் காலத்துச் சட்டம் ஒரு காரணம். இன்னொன்றை ஹென்றி ஹாலெக் என்ற பிரதிநிதி எழுந்து வெளிப்படையாகவே சொன்னார். தான் கல்யாணம் ஆகாதவர் என்றும், இப்படி ஒரு சட்டம் இருந்தால் பணக்காரப் பெண்கள் இங்கே வருவார்கள் என்றும், அதனால் சபையில் இருக்கிற பிரம்மச்சாரிகள் எல்லாரும் ஆதரிக்க வேண்டும் என்றும். பெண்ணுரிமை பிறந்த கதை சில இடங்களில் இப்படித்தான் இருக்கிறது.

இதை வைத்து ஏஞ்சலைப் பாருங்கள். சட்டப்படி அவள் சொத்து அவளுக்கே. ஆனால் அவளுடைய தங்கம் விடுதி நடத்துகிற டச்சஸ் கையில். தன் பங்கைக் கேட்டுப் போய்க் கிடைக்காததில்தான் அவள் அடிபட்டுக் கிடக்கும் அந்த இரவே தொடங்குகிறது. நூலகப்பூனை, முதல் பாதியில் அவள் எதையும் முடிவு செய்யவில்லை என்றீர்கள். கணக்கைக் கேட்கப் போனது அவள் முடிவு இல்லையா?


நூலகப்பூனை – ஞாயிறு, இரவு 8.02

இதை நான் கவனிக்கவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சியைத் திரும்பப் படித்தேன். அவள் கேட்பது இரக்கத்தை இல்லை, கூலியை.


கறார்வாசகன் – ஞாயிறு, இரவு 9.30

செல்வம் சார் 1849 சட்டத்தைச் சொன்னார். நான் அடுத்த வருடத்துச் சட்டத்தைச் சொல்கிறேன். கதை நடக்கிற அதே 1850.

கலிஃபோர்னியாவில் அடிமைமுறை கிடையாது என்று அந்த அரசியலமைப்பு எழுதியிருந்தது. அடுத்த ஏப்ரலில், அதே கலிஃபோர்னியாவின் சட்டமன்றம் 'இந்தியர்களை ஆளுவதற்கும் பாதுகாப்பதற்குமான சட்டம்' என்று ஒன்றை நிறைவேற்றியது. இந்தியர் என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகள். 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளையர் நீதிபதி முன்னால் போய், பூர்வகுடிக் குழந்தையைத் தன் பொறுப்பில் வாங்கி வேலை வாங்கலாம். வேலையின்றித் திரிகிறான் என்று பிடிபட்டவனை ஏலத்தில் கூலிக்கு விடலாம். வெள்ளையருக்கு எதிராகப் பூர்வகுடியின் சாட்சியத்தை வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது. 1848-இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாக இருந்த பூர்வகுடிகள் 1870-இல் முப்பதாயிரம் அளவுக்குச் சுருங்கினார்கள். நோய், பட்டினி, அதோடு நேரடிக் கொலை.

இப்போது நாவலுக்கு வாருங்கள். மைக்கேல் உழுகிற அந்த அழகான பள்ளத்தாக்கு யாருடையது? செல்வம் சார் சொன்ன கொலோமா என்ற பெயரே நிசெனான் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. விற்கப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றிய நாவல் இது. சட்டப்படியே குழந்தைகள் கைமாறிய வருடத்தில், அதே மலையடிவாரத்தில் நடக்கிறது. அந்தக் குழந்தைகளில் ஒன்றுகூடக் கதையின் நடுவுக்கு வரவில்லை. இது சாதாரண மறதி இல்லை. இந்த வகை நாவல்கள் எல்லாவற்றிலும் இருக்கிற ஓட்டை. வயல் வெறுமையாகக் கிடந்தது, விசுவாசி வந்தான், உழுதான், ஆண்டவர் ஆசீர்வதித்தார். அவ்வளவுதான் சரித்திரம்.


ஐயரம்மா – ஞாயிறு, இரவு 10.10

தம்பி, இதற்கு நான் மறுப்பு சொல்லப் போவதில்லை. ஓசியாவிலேயே ஒரு வாக்கு உண்டு, ஆகோர் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாகத் தருவேன் என்று. பிரசங்கத்தில் எல்லாரும் அதை இனிப்பாகச் சொல்வார்கள். ஆகோரில் என்ன நடந்தது என்று யோசுவாவில் போய்ப் பார்த்தால் ஒரு குடும்பமே கல்லெறியுண்டு செத்த இடம் அது. பள்ளத்தாக்கின் பழைய கணக்கைச் சொல்லாமல் வாசலை மட்டும் காட்டுவது எங்கள் வழக்கம்தான். எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.


மலையோரம் – திங்கள், காலை 11.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் உறுப்பினர் ஆனேன். வணக்கம்.

'திடமான கதாநாயகி' என்று கேட்டால் இந்த வகை எழுத்தாளர்கள் பலர் செய்வது ஒன்றுதான். பெண் கையில் துப்பாக்கி, கால்சட்டை, வெடுக் வெடுக்கென்று பேச்சு. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். இந்த வகைக்கே வழிபோட்டவர் என்று பலரும் சொல்கிற ஜானெட் ஓக் 1979-இல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'யில் அப்படி எதுவும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு வழியிலேயே கணவனை இழந்தவள், பனிக்காலம் வருகிறது, போக இடமில்லை. தாயில்லாத குழந்தையை வைத்திருக்கிற ஒருவனை அன்றைக்கே கட்டிக்கொள்கிறாள். அவளுடைய பெரிய போராட்டம் அடுப்போடும் அந்தக் குழந்தையோடும்தான். எனக்கு ஏஞ்சலைவிட அவள் நெருக்கம்.

ஆனால் நிஜ மனுஷிகளைத் தேடிப் போனால் நாவல்கள் எல்லாமே வெளிறிப்போகின்றன. கிளாரா பிரவுன் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்தவர். கணவரையும் பிள்ளைகளையும் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டி விடுதலை கிடைத்தபின், 1859-இல் ஒரு வண்டித்தொடரில் சமையல்காரியாகச் சேர்ந்து கொலராடோ போனார். சென்ட்ரல் சிட்டி என்ற சுரங்க ஊரில் சலவை வேலை. அந்தக் காசில் நிலம் வாங்கினார், நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்தார், மெதடிஸ்ட் ஆராதனைக்குத் தன் வீட்டையே திறந்துவிட்டார். இதற்கு நடுவில் விற்கப்பட்ட மகளைத் தேடிக்கொண்டே இருந்தார். 1882-இல் ஐயோவாவில் அந்த மகளைக் கண்டுபிடித்தார். அப்போது இவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். மூன்று வருடத்தில் காலமானார்.

மேரி ஃபீல்ட்ஸ் இன்னொரு ரகம். அவரும் அடிமையாக இருந்தவர்தான். மொன்டானாவில் உர்சுலின் கன்னியர் மடத்தில் பாரம் சுமந்து, தோட்டம் போட்டு, வண்டியோட்டி உழைத்தார். கோபக்காரி. ஆண்களோடு தகராறு வந்ததால் ஆயர் உத்தரவில் மடத்தைவிட்டு அனுப்பப்பட்டார். 1895-இல், அறுபது வயதைத் தாண்டியபின், தபால் வண்டி ஒப்பந்தம் எடுத்துக் காஸ்கேட் ஊரிலிருந்து அதே மடத்துக்குக் கடிதம் கொண்டுபோனார். குதிரைலாடம் கேட்ட துப்பாக்கி இவரிடம் உண்டு!


குதிரைலாடம் – திங்கள், காலை 11.34

வெளியே அனுப்பின இடத்துக்கே தபால் கொண்டுபோனாரா! இதை ஏன் இன்னும் யாரும் எனக்குக் காமிக்ஸாகத் தரவில்லை?


நூலகப்பூனை – திங்கள், இரவு 9.15

எச்சரிக்கை: இது கடைசிப் பகுதியைப் பற்றியது. பாதிப்படித்தவள், நீங்கள் இங்கேயே திரும்பிப் போய்விடுங்கள்.

எல்லாரும் சொன்னதை வைத்து மூன்று நாளாக யோசித்ததில் என் கோபத்தின் விலாசம் மாறிவிட்டது. மைக்கேல் மேல் இருந்த கோபம் இப்போது அந்தப் பட்டியல் போடுகிறவர்கள் மேல். அவர்கள் 'திடமான கதாநாயகி' என்று காட்டுவது தவறான பக்கங்களை. ஓடுகிறாளே, எதிர்க்கிறாளே, அது திடம் என்கிறார்கள். முதலில் ஓடும்போது அவளுக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறாள், அதாவது பழைய வாழ்க்கைக்கு. ஐயரம்மா சொன்ன மாதிரி வாய் திடமானது, செல்வம் சொன்ன மாதிரி கணக்குக் கேட்கத் தெரியும். ஆனால் கால்கள் இன்னும், எட்டு வயதில் அவளை விலைக்கு வாங்கிய டியூக்குடையவை.

கடைசி முறை அவள் போகும்போதுதான் கதை மாறுகிறது. இந்த முறை மைக்கேல் பின்னால் போவதில்லை. போகாதே என்று ஆண்டவர் சொன்னதாக உணர்கிறான். நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இதுதான். கடவுளைக் காரணம் காட்டி அவளைத் தூக்கி வந்தவன், கடவுளைக் காரணம் காட்டியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அவளோ சான் ஃபிரான்சிஸ்கோ போகிறாள். பண்ணையில் கற்ற சமையலை வைத்து ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறாள். கையில் இருக்கும் காசு முதல் தடவையாக அவள் சமைத்துச் சம்பாதித்தது. ஊரில் தீப்பிடிக்கிறது, கடை போகிறது. 1849-க்கும் 1851-க்கும் இடையில் அந்த ஊர் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது, அது நிஜம். அந்தத் தெருவில் டியூக் மறுபடி வந்து நிற்கிறான்.

அவளை அவன் மேடையேற்றுகிறான், பழைய கூட்டத்துக்குக் காட்ட. அங்கே நின்று அவள் ஒரு பாட்டுப் பாடுகிறாள். நம் ஊர்க் கோவில்களில் 'பிளவுண்ட மலையே' என்று பாடுகிறோமே, அதன் ஆங்கில மூலம். நான் அங்கேதான் அழுதேன். பாட்டுக்காக மட்டும் இல்லை. அந்த மேடையில் மைக்கேல் இல்லை, பிரசங்கியும் இல்லை. அவளாகவே வாய் திறந்தாள். அப்புறம் அங்கே அடைபட்டிருந்த இரண்டு சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு வீடு தொடங்குகிறாள். புத்தகத்தின் மொத்த கனத்தில் இந்தப் பகுதி கொஞ்சம்தான். ஆசிரியர் இங்கே அவசரப்பட்டுவிட்டார். பண்ணையில் முட்டை பொறுக்கியதற்குக் கொடுத்த பக்கங்களைக்கூட இதற்குக் கொடுக்கவில்லை. என் குறை இப்போது இதுதான்.


சாக்ரமெண்டோசெல்வம் – திங்கள், இரவு 11.50

அப்படி ஒரு வீடு சான் ஃபிரான்சிஸ்கோவில் நிஜமாகவே இருந்தது, என்ன, கதைக் காலத்துக்குப் பிந்தையது. பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1874-இல் தொடங்கியது. கட்டடம் சாக்ரமெண்டோ தெரு, 920-ஆம் எண். விற்கப்பட்டும் ஏமாற்றப்பட்டும் கொண்டுவரப்பட்ட சீனப் பெண்களுக்கான அடைக்கலம். 1895-இல் தையல் சொல்லித்தர வந்த டொனால்டினா கேமரன், சில வருடங்களில் பொறுப்பாளராகி, பல பத்து வருடம் நடத்தினார். எங்கேயோ ஒரு பெண் அடைபட்டிருக்கிறாள் என்று துண்டுச்சீட்டு வரும், போலீஸோடு போய்க் கதவை உடைப்பார்கள். 1906 பூகம்பத்தின்போது பிள்ளைகளை வெளியேற்றியபின், தீ நெருங்குகிற கட்டடத்துக்குள் இவர் திரும்பப் போனார். எதற்கு? பிள்ளைகளின் பாதுகாவலர் உரிமைப் பத்திரங்களை எடுக்க. அந்தக் காகிதம் எரிந்துவிட்டால் பழைய முதலாளி வந்து உரிமை கேட்பான். எனக்குத் தெரிந்த வெஸ்டர்ன் கதைகள் எதிலும் தாளுக்காகத் தீக்குள் போன கதாநாயகி கிடையாது.


கறார்வாசகன் – செவ்வாய், காலை 6.45

நல்லது. ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள் சார். மீட்கப்பட்ட பெண்களுக்கு அங்கே கடும் ஒழுங்கு. வீட்டு வேலைப் பயிற்சி, ஆராதனை, வெளியே தனியாகப் போக முடியாது. சிலர் அங்கிருந்தும் ஓடினார்கள். அந்த வீட்டில் மீட்கப்பட்ட சிறுமியாக வந்து, பிறகு மொழிபெயர்ப்பாளராகவும் கேமரனின் வலது கையாகவும் வாழ்நாள் முழுக்க உழைத்த டியென் ஃபூ வூ என்பவர்தான் எனக்குக் கதாநாயகி. கதவுக்கு உள்ளே இருக்கிற பெண்ணிடம் அவள் மொழியில் பேசியது அவர். ஏஞ்சலுக்கு நெருங்கிய நிஜ ஆள் அவர்தான், கேமரன் இல்லை.


சாக்ரமெண்டோசெல்வம் – செவ்வாய், காலை 7.20

இதில் உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. முதல் தடவை!


மலையோரம் – செவ்வாய், மாலை 4.00

2022-இல் வந்த படத்தை யாராவது பார்த்தீர்களா?


குதிரைலாடம் – செவ்வாய், மாலை 4.06

பார்த்தேன். எல்லாரும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்கிறார்கள். சுரங்க ஊரில் அத்தனை வெள்ளைச் சட்டை எங்கிருந்து? கிளாரா பிரவுன் கிட்டப் போட்டுத் துவைத்திருப்பார்களோ என்னவோ.


பாதிப்படித்தவள் – புதன், இரவு 2.15

முடித்துவிட்டேன். எல்லாரும் தூங்கிவிட்டார்கள், யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே.

இப்போது நானே எழுதலாம்தானே? சாராள்.


ஐயரம்மா – புதன், காலை 5.10

எழுந்தவுடன் உன் பதிவுதான் கண்ணில் பட்டது மகளே.

இனிப் பேசலாம். மைக்கேல் அவளுக்கு எத்தனை பெயர் வைத்துப் பார்க்கிறான்! மாராள் என்கிறான், கசப்பு. திர்சா என்கிறான். அமந்தா என்கிறான். எல்லாம் அன்பாகத்தான், ஆனாலும் எல்லாமே அவன் வைத்தது. ஆதியாகமத்தில் ஆபிரகாமின் மனைவி சாராயைச் சாராள் என்று ஆண்டவர் மாற்றுகிறார். இங்கே யாரும் மாற்றவில்லை. அவள் காத்து வைத்திருந்த பெயரை அவளே எடுத்துக் கொடுக்கிறாள். பிள்ளை பெறவே முடியாதபடி செய்யப்பட்டவளின் பெயர் அதுவாக இருந்திருக்கிறது, முதல் பக்கத்திலிருந்து. வயதான காலத்தில் பிள்ளை பெறுவாள் என்று சொன்னதைக் கேட்டுக் கூடாரவாசலுக்குப் பின்னால் நின்று நகைத்த அந்தக் கிழவியின் பெயர்.


நூலகப்பூனை – புதன், காலை 8.30

முதல் பதிவில் நான் அடக்கி வைத்தது இதுதான். ஏஞ்சல் என்று வைத்தவன் டியூக். அந்தப் பெயரையே நாம் நான்கு நாளாக இந்த இழை முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறோம், தலைப்பில்கூட. மாற்றலாம் என்று போனால், மாற்றினால் இனி வருகிறவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும்.


கறார்வாசகன் – புதன், காலை 8.52

விடுங்கள். அம்மா கூப்பிட்ட பெயரை அவள் அத்தனை வருடம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். அவளே அதை எடுத்துக் கொடுப்பதைப் பார்க்க நாம் நானூறு பக்கம் காத்திருந்தோம், அடுத்து வருகிறவர்களும் காத்திருக்கட்டும்.


குதிரைலாடம் – புதன், இரவு 9.05

அக்கா, ஒரு சின்ன விஷயம். என் பிரதியை ஆபீஸில் ஒருவர் வாங்கிப் போய் ஆறு மாதம் ஆகிறது, இனி வராது. வீட்டில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன், மனைவி புத்தகம் வேண்டும் என்கிறாள். உங்கள் பிரதி கிடைக்குமா? கூரியர் காசு நான் தருகிறேன்.


நூலகப்பூனை – புதன், இரவு 9.12

அனுப்புகிறேன் தம்பி, தனிச்செய்தியில் விலாசம் போடு. அந்த மேடைக் காட்சிப் பக்கத்தில் கஷாயக் கறை இருக்கும், அது நான்தான். இந்த இழையின் கடைசிப் பதிவுகளை மட்டும் அவளிடம் படித்துக் காட்டாதே.


குதிரைலாடம் – புதன், இரவு 9.14

ஐயையோ.